பூட்டின வீட்டுக்காரி

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி சிங்கப்பெருமாள் கோவில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பாதி வழி என்னைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். என்னை என்றால் நான் கட்டினதை. வடக்குப்பட்டுத் தண்ணீர்த் தொட்டி நான் கட்டியது. அதற்குக் கிழக்கே இரண்டு கல்வெர்ட்டு நான் கட்டியது. மேலே எத்தனை லாரி போயும் இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. ஒரு கம்பெனிக்குக் காம்பவுண்டுச் சுவர், நடந்தால் கால் வலிக்கிற நீளம், என் ஆட்கள் வைத்த கல். மாதா கோயிலுக்கு முகப்பு. பள்ளிக்கூடத்துக்கு மூன்று வகுப்பறை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் பள்ளிக்கூடத்தையே கட்டினேன், பார்த்துக்கொள்ளுங்கள். அப்பன் எனக்கு விட்டுப்போன சொத்து இழுப்பு நோய் ஒன்றுதான். அந்த இழுப்போடு மண் சுமந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, காண்டிராக்டராகி, கடைசியில் ஒரகடம் கூட்ரோட்டில் சொந்தமாக ஆறு வீடு கொண்ட லைன் ஒன்றும், அதற்கு எதிர்ப்புறம் சிமெண்டு, கம்பி விற்கிற கடை ஒன்றும் போட்டேன். கடைக்குப் பின்னால் என் வீடு.

இதெல்லாம் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடிக்காத புருஷனிடமிருந்து ஒரு பெண் கொடுமை என்று சொல்லி விவாகரத்து வாங்கினாளே, அதில் எனக்கும் கை உண்டு என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். அவள் பேரை எழுத மாட்டேன். “என் பேர மட்டும் எங்கியும் விட்றாதீங்க மேஸ்திரிண்ணா” என்று கேட்டுக்கொண்டாள். என் லைனில் கடைசி வீட்டில் குடியிருந்தவள். புருஷன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போனான். ஒருநாள் இருநாள் இல்லை, வருஷக்கணக்காக. அவனை விட்டுச் சட்டப்படி போக வேண்டும் என்றுதான் கோர்ட்டுக்குப் போனாள். அதற்குள் எவ்வளவு பாடு!

ஆள் ஒல்லி, நல்ல உயரம். அவளோடு நடந்தால் ஆம்பிளை ஓட வேண்டும். கேஸ் நடந்த காலம் முழுக்க என் சிமெண்டுக் கடையில்தான் வேலை செய்தாள். கணக்கு வழக்கில் கெட்டி. ஆனால் உட்காரமாட்டாள். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அதில் பேரேட்டை வைத்துவிட்டு நின்றுகொண்டே எழுதினாள். நாலு வரி எழுதுவாள், ரோடு வரைக்கும் போவாள், வருவாள், இன்னும் நாலு வரி எழுதுவாள். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும்.

கதவு விஷயத்தில்தான் அவளிடம் யாரும் ஜெயிக்க முடியாது. எந்தக் கதவையும் மூடவிடமாட்டாள். மார்கழிக் குளிரிலும் கடை ஷட்டர் மேலேதான் நிற்க வேண்டும். ஆடு உள்ளே வந்து காலண்டரைத் தின்றது. நாய் வந்து மூட்டை மேல் குட்டி போட்டது. ஒருநாள் காற்றும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் ஷட்டர் ஆவென்று திறந்து கிடக்கிறது, வாசல்பக்கம் அடுக்கின சிமெண்டு மூட்டை எல்லாம் நனைந்து கல்லாகப் போகிற நிலைமை. வந்த கோபத்தில் கத்தினேன்.

“இன்னாம்மா இது? சாத்தத் தெரியாதா உனக்கு?”

“சாத்தினா நான் உள்ள கீறேனே.”

“நீ உள்ள இருந்தா இன்னா? உன்னையா கரைச்சிடப் போவுது?”

“மூட்டய நான் தூக்கி உள்ள வெச்சிகினே இருந்தேண்ணா. நீங்க வந்து கத்தறதுக்குள்ள பாதி வெச்சாச்சு. கத்தற நேரத்துல ஒரு கை புடிச்சா மீதியும் பூடும்.”

பார்த்தால் உண்மைதான். அந்த ஒல்லி உடம்பு ஒரு மூட்டை ஒரு மூட்டையாக இழுத்துப் பின்னால் தள்ளியிருக்கிறது. ஷட்டரை இறக்குவதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தேன்.

பஸ்ஸில் போனாலும் இதே கதைதான். உள்ளே சீட்டு காலியாக இருக்கும். அவள் படியருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “உள்ள போம்மா, உள்ள போம்மா” என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கத்துவார். “நீ போய்யா உள்ள, நான் காசு குடுத்துட்டேன்” என்பாள். செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு என் மனைவியும் அவளும் நானுமாகத்தான் போவோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு என் மனைவி அந்தப் பக்கத்துக் கண்டக்டர் எல்லாருக்கும் அக்காவாகிவிட்டாள்.

இப்போது அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும், எனக்கே பிடித்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சைக்கிளில் போவான், வருவான். பீடி இல்லை, சாராயம் இல்லை, சீட்டு இல்லை. வாடகை கேட்டு நான் படியேறினது கிடையாது. பேசினால் பக்கத்தில் இருக்கிறவனுக்குக்கூடக் கேட்காது. சனிக்கிழமை தவறாமல் கோயில். லைனில் மற்ற ஆம்பிளைகளுக்கு அவனை உதாரணம் காட்டித்தான் வீட்டுக்கு வீடு திட்டு விழும்.

அவளுக்கோ லைனில் வேறு பெயர். நம் பக்கத்தில் ஒரு வழக்கம். கதவில் பூட்டு தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை. தட்டிப் பார்க்கமாட்டார்கள், கூப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள். தபால்காரனே திரும்பிப் போய்விடுவான். கடைசி வீட்டில் காலையில் பூட்டு, மத்தியானம் பூட்டு, சாயந்திரம் வரைக்கும் பூட்டு. “இவ எங்கடி சுத்தப் போறா தெனத்திக்கும்? அந்த மனுஷன் தங்கம்டி, அதான் வெச்சிகினு கீறாரு” என்று பைப்படியில் பேசுவார்கள். உள்ளே இருந்தவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வீட்டைவிட்டு ஒரு அடி வைக்க முடியாதவளுக்கு ஊர்சுற்றி என்று பெயர். இந்த அநியாயத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது கூரை மேலிருந்து. நாட்டு ஓடு போட்ட வீட்டுக்கு மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றித் தர வேண்டும். காண்டிராக்டர் ஆன பிறகும் என் லைனுக்கு நானேதான் ஏறுவேன். அடுத்தவன் வேலையில் எனக்குத் திருப்தி வராது. அன்றைக்குக் கடைசி வீட்டில் பூட்டு தொங்கியது. மேலேதானே வேலை என்று ஏறிவிட்டேன். விரிசல்விட்ட இரண்டு ஓட்டை எடுத்தேன். வெயில் ஒரு துண்டாக உள்ளே விழுந்தது. அந்தத் துண்டு வெயிலில் ஒரு முகம் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. ஓடு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

“யம்மா! உள்ளயா கீறே?”

“மெதுவாப் பேசுங்கண்ணா.”

“வெளிய பூட்டு தொங்குதே!”

“அவருதான் பூட்டினு போனாரு.”

“நீ கீறது தெரியாம, மறந்து பூட்டிட்டாரா?”

“தெனம் மறப்பாங்களா?”

“ஒரு சத்தம் போட வேண்டியதுதானேம்மா, பக்கத்துலதானே ஜனம்?” என்றேன்.

“போட்டா ஊரு கூடும். அவரு வந்து தொறப்பாரு. ‘மூளை சரியில்ல, அதான் பூட்டி வெக்கறேன்’னு சொல்லுவாரு. சொல்லப்போறேன்னு என்கிட்ட மொதல்லியே சொல்லிட்டாரு. அவரு சொன்னா நம்புவாங்களா, நான் சொன்னா நம்புவாங்களா? நீங்களே சொல்லுங்க.”

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கிணறு வெளியே, கக்கூஸ் வெளியே. என் லைனில் வீட்டுக்கு ஒரு வாசல்தான், பின்வாசல் கிடையாது. உள்ளே ஒரு குடம் தண்ணீர், ஒரு அடுப்பு. அந்தப் பகல்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை நான் எழுத வேண்டாம், படிக்கிற பெண்களுக்குப் புரியும்.

ஓட்டைத் திரும்ப வைக்கக் குனிந்தேன். “அத்த மூடாதீங்கண்ணா. கொஞ்ச நேரம்” என்றாள். அந்தச் சந்துக்கு நேர்கீழே வந்து நின்றுகொண்டாள். நான் கையில் ஓட்டை வைத்துக்கொண்டு முகட்டில் உட்கார்ந்துவிட்டேன். கீழே போகிறவர்கள் எல்லாம், “இன்னா மேஸ்திரி, வானத்துக்கு சுவர் வெக்கறியா?” என்று கிண்டல் செய்துகொண்டு போனார்கள்.

ஷிப்டு முடிந்து அவன் சைக்கிளை நிறுத்தியபோது நான் வாசலில் நின்றேன்.

“உள்ள தண்ணி எறங்கின தடம் கீதா பாக்கணும். தொற.”

சிரித்தான். “அவ இல்லீங்களே. கடைக்கிப் போயிருக்கா. வந்ததும் சொல்றேன்.”

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் நாலு அடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவ்வளவு அமைதியாகச் சொன்னான். குடிகாரனிடம்கூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

“வூட்டுக்காரன் சொல்றேன். தொற” என்றேன்.

திறந்தான். அவள் வெளியே வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. செருப்பு இல்லாத காலோடு ரோட்டைத் தாண்டி நேராக என் வீட்டுக்குப் போனாள். என் மனைவி ஒரு கேள்வி கேட்கவில்லை. “சோறு துன்னியா?” என்று மட்டும் கேட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு தெருவில் நின்று சாப்பிட்டாள்.

மறுநாளே, மேஸ்திரி அவளை வைத்துக்கொண்டான் என்று அவன் பேச்சைக் கிளப்பிவிட்டான். அதையும் மெதுவான குரலில்தான் சொன்னான். ஊர்ப் பெரியவர்கள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றாள்.

“அடிச்சானா?”

“இல்ல.”

“குடிச்சானா?”

“இல்ல.”

“வேற பொம்பள கிம்பள?”

“இல்ல.”

“அப்பறம் இன்னாம்மா உனக்குக் கொற?”

தாய்வீட்டிலிருந்து வந்தவர்கள் ஒருபடி மேலே போனார்கள். “பூட்டி வெச்சா பத்திரமா வெச்சிருக்கான்னு அர்த்தம்” என்றார்கள். அவள் அவர்களைப் பார்த்து, “உங்க வூட்ல ஆட்டக்கூட சாயந்திரம்தானே பூட்டுவீங்க?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

வக்கீலிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனுஷன், வாலிபம். எமர்ஜென்சி முடிந்த கையோடு என்று ஞாபகம். முன்னெல்லாம் கொடுமை என்று சொன்னால் தனியாக இருக்க மட்டும்தான் உத்தரவு கொடுப்பார்களாம். இப்போது சட்டத்தை மாற்றி, அதைச் சொல்லி விவாகரத்தே கேட்கலாம் என்று வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். அவர் பேசுவதற்காக அறைக் கதவைச் சாத்தினார். இவள் போய்த் திறந்தாள். அவர் சாத்தினார். இவள் திறந்தாள். “சார், அது அப்பிடியே இருக்கட்டும். நீங்க பேசுங்க” என்றேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, “பூட்டினதை மட்டும் சொன்னா நிக்காதும்மா. ரெண்டு அடின்னு சேத்துக்கலாம். எல்லாரும் சேக்கறதுதான்” என்றார்.

“அடிக்கல சார்.”

“நெஞ்சுல கைவெச்சு சொல்லச் சொல்லலியே. மனுவுல ஒரு வரி.”

“அடிக்கல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “வாயால ஒரு அடிதானம்மா, சொல்லித் தொலையேன். விட்டா போதும்னு தானே வந்துகீறே?” என்றேன்.

அவள் வாசல்வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். “அடிச்சான்னு சொன்னா, கோர்ட்டுல அடியப் பத்தியேதான் கேப்பாங்க. எங்க அடிச்சான், எதால அடிச்சான், தழும்பு கீதான்னு. அப்பறம் அவன் நெஜமாச் செஞ்சது ரொம்பச் சின்னதாப் பூடும்ண்ணா. அது சின்னது இல்ல” என்றாள். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடி இல்லாமலே மனு போட்டார்.

கோர்ட்டில் அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லமாட்டேன். சொன்னது கொஞ்சம்தான். அவன் வக்கீல் எழுந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது உண்மை, ஆனால் இந்த அம்மா காலையிலேயே வெளியே போய்விடுவார், இன்னொரு சாவி இந்த அம்மாவிடமே இருந்தது என்றார். அவள் இல்லை என்றாள். அவ்வளவுதான். ஒருத்தர் வார்த்தைக்கு எதிராக இன்னொருத்தர் வார்த்தை.

அடுத்தது நான் கூண்டில் ஏறினேன். கூரையில் பார்த்ததைச் சொன்னேன். ஒருநாள் பார்த்தது தினமும் நடந்ததற்குச் சாட்சியாகுமா என்று கேட்டுவிட்டு, அவன் வக்கீல் விஷயத்துக்கு வந்தார்.

“உமக்கும் இந்த அம்மாவுக்கும் என்ன தொடர்பு?”

“என் கடையில வேலை செய்றாங்க.”

“ஊரில் வேறு மாதிரி பேசுகிறார்களே?”

“ஊர்ல எனக்குப் படிப்பு இல்லன்னும் பேசறாங்க. அது நெஜம். இது பொய்.”

“பொய் என்று எப்படி நம்புவது?”

“என் பொஞ்சாதி அதோ பெஞ்சில குந்திகினு கீறா. அவள விடவா உங்களுக்கு என்மேல சந்தேகம் அதிகம்?”

என் மனைவி பெஞ்சிலிருந்தே, “நான்தான் அவளுக்குச் சோறு போடறேன், கேளுங்க சாமி” என்று சத்தம் போட்டாள். ஜட்ஜ் அவளை உட்காரச் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் கூண்டேறாமல் இருந்திருக்கலாம். அந்த வருஷம் இரண்டு வேலை என் கையைவிட்டுப் போனது இந்தப் பேச்சால்தான்.

அவன் தரப்பில் சாட்சி எஸ்தர். கடைசி வீட்டுக்கு ஒட்டின வீடு. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துபோவாள். பொய் பேசாதவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் வரிசை. அதனால்தான் அவன் அவளைக் கூப்பிட்டான். அவள் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் நான் வக்கீலிடம் போய், “சார், அந்த ரெண்டு வூட்டுக்கும் நடுச்சுவர் நான் வெச்சது. கூரை வரைக்கும் ஏத்தல. ஓட்டுக்குக் கீழ ஒரு ஜாண் அளவு காலி வுட்ருக்கேன். அதப் பத்திக் கேளுங்க” என்று சொன்னேன். அவர், “சுவரைக் கேட்டு என்னய்யா ஆகப்போகுது?” என்றார். “கேட்டுப் பாருங்க” என்றேன்.

எஸ்தர் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். தினமும் பூட்டு தொங்கும், மத்தியானமும் தொங்கும், அந்த அம்மா வீட்டில் தங்கவே மாட்டாங்க என்றாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். நம் வக்கீல் எழுந்தார்.

“உங்க வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல சுவர் கூரை வரைக்கும் இருக்கா?”

“இல்லீங்க. மேல காலியா கீது.”

“மத்தியானம் சாப்பிட வரும்போது அந்தச் சந்து வழியா ஏதாவது வருமா?”

“இன்னா வரும்? வாசன வரும். தாளிக்கிற வாசன, கருவாடு வாசன.”

“யார் வீட்டு வாசனை?”

“லைன்ல யாரு சமைச்சாலும் வரும்ங்க.”

“உங்களுக்கு அந்தப் பக்கம் எத்தனை வீடு?”

“ஒரே வூடு. அதான் கடேசி…”

நிறுத்திவிட்டாள். வக்கீல் மேற்கொண்டு கேட்கவில்லை. எஸ்தர் அவனைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். “பூட்டு தொங்கும்போதுதாங்க வாசன வரும்” என்றாள், யாரும் கேட்காமலே. “அய்யோ ஏசுவே, தெனமும் வரும்ங்க.” கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எஸ்தர் விடவில்லை. “ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதாடி? நான் அந்தாண்டதான சோறு துன்னுகினு இருந்தேன்.”

“நீங்க ஒருநாள் கதவத் தட்டிப் பாத்திருக்கக் கூடாதாக்கா?” என்றாள் அவள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் போலக் கேட்டாள். எஸ்தர் பிடித்திருந்த கையை விட்டாள். வீட்டுக்குச் சொந்தக்காரன் நானும் ஒருநாள் தட்டிப் பார்த்தது கிடையாது.

விவாகரத்து கிடைத்தது. கை நீட்டினால்தான் கொடுமை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்கிற மாதிரி ஜட்ஜ் எழுதியிருந்தார். வக்கீல் தமிழில் சொல்லச் சொல்ல அவள் வராண்டாவில் நடந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும், “பூட்டினான்னு எழுதியிருக்காங்களா சார்? அந்த வார்த்தயே இருக்கா?” என்று கேட்டாள். இருக்கு என்றார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து மெட்ராஸ் பக்கம் தையல் கம்பெனியில் வேலை கிடைத்துப் போனாள். சௌக்கியம் என்று கேள்வி.

வக்கீல் பிறகு பெரிய ஆளாகிவிட்டார். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் இந்தக் கேஸைச் சொல்கிறார். நடுச்சுவரைப் பற்றிக் கேட்டேன், சாட்சி கவிழ்ந்தது என்கிறார். ஜனம் வாயைப் பிளக்கிறது. நானும் பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி என்று ஒரு வார்த்தை வருவதில்லை.

அந்தக் கேஸை ஜெயித்தவள் அவள்தான். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும், சொல்லவில்லை. முதல் இடம் அவளுடையது, அதில் நான் கை வைக்கமாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த இடம் என்னுடையது. பிறந்ததிலிருந்து இன்றுவரை எதிலும் நான் இரண்டாவது இடம் கேட்டவன் இல்லை, இதில் கேட்கிறேன். இனிமேல் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் அவளுக்கு அடுத்தபடியாக என்னைச் சொல்ல வேண்டும். வக்கீலும் சொல்ல வேண்டும்.